செம்மறியின் முகமும் சித்திர சபையின் சுவரும்

ஆடவல்லானின் ஐந்து சபைகளுள் திருக்குற்றாலத்துச் சித்திர சபைக்குத் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. பிற சபைகளில் திருமேனியாய் நிற்கும் நடராசர், இங்கே செப்புக் கூரையின் கீழ்ச் சுவரோவியமாகவே வழிபடப்படுகிறார். ஓவியம் வழிபடப்பெறும் இடங்களிலெல்லாம் ஒரு சங்கடமும் உண்டு. சாயம் மங்கினால் அன்பர்கள் புதுப்பிக்க முற்படுவர். முன்னவர் தீட்டியது பின்னவர் பூச்சுக்கு அடியில் ஒளிந்துவிடும்.

நமது திருச்சபையின் மாபெரும் பீட ஓவியம் ஒன்றுக்கு நேர்ந்ததும் இதுவே. பெல்ஜியத்தின் கென்ட் நகரில், தூய பாவோ பேராலயத்தில், ஹூபர்ட், யான் என்னும் வான் ஐக் சகோதரர் ஓக்குப் பலகைகளில் தீட்டி 1432-இல் நிறைவுற்றது அது. பீடத்தின்மேல் நிற்கும் செம்மறியின் மார்பிலிருந்து குருதி கிண்ணத்தில் வடிகிறது. 1566-இல் படிமங்களை உடைத்தவர்களுக்கு அஞ்சி அதைப் பேராலயக் கோபுரத்தில் ஒளித்தனர். பிரெஞ்சுப் படையும் நாத்சிகளும் கவர்ந்து சென்றும் திரும்பி வந்தது. ஒரு பலகை மட்டும் 1934-இல் களவுபோனது, இன்றளவும் கிட்டவில்லை.

பகைவரிடம் தப்பிய ஓவியம் பக்தரிடம் தப்பவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் எவரோ செம்மறியின் முகத்தின்மேல் வேறொரு முகத்தைத் தீட்டிவிட்டார். 1951-இல் சிறிது சுரண்டியபோது பழைய காதுகள் வெளிப்பட, ஆடு நான்கு காதுகளோடு நின்றது!

2012-இல் அவ்வோவியம் பத்தாயிரம் கோடி படப்புள்ளிகள் கொண்ட படமாக இணையத்தில் வெளியாயிற்று. பின்னர் நுண்ணோக்கியின் கீழ், சிறு கத்திகளால் மேற்பூச்சு அகற்றப்பட்டது. 2020-இல் ஓவியம் பேராலயம் திரும்பியது. பழைய முகத்தின் கண்கள் நேரே நம்மை நோக்குகின்றன, பலர் நகைத்தனர். நகைத்தவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. பலியாகும் ஆடு நம்மை உற்றுப்பார்ப்பது எளிதில் தாங்கக்கூடியதன்று. நீக்கப்பட்ட முகத்தையும் வெளிப்பட்ட முகத்தையும் இன்று தென்காசியில் அமர்ந்தபடியே கணினியில் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

அப்பீட ஓவியம் முடிந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1446-இல், தென்காசிக் கோயிலைக் கட்டத் தொடங்கியவன் பராக்கிரம பாண்டியன். பிற்காலத்தில் கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதனைச் சீர்செய்து காப்பவர் எவராயினும் அவரை இப்போதே பணிகிறேன் என்று கல்லில் வெட்டுவித்தான். வரப்போகும் கையை நம்பிய அரசன்! அந்தக் கை நம்முடையதாகவும் இருக்கலாம். பழைய மரப்பீடத்துக்குத் திருவிழாவை முன்னிட்டு எனாமல் பூசத் தீர்மானிக்கும் பங்குப் பேரவையினர், முதலில் அதைப் பகல் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் படமெடுத்து, ஒரு படியை ஆயர் இல்லத்தில் சேர்த்துவைக்கலாம். அதற்கு ஒரு கைப்பேசியும் ஒரு பிற்பகலும் போதும்.