அறியாமை என்று நான் சொன்னது தவறு



"படிப்பறிவு இல்லாததால்தான் கிராமத்துப் பெண்கள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை" என்று 1980களில் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதை இன்று திருத்திக்கொள்கிறேன்.

அப்போது என் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாய் பிரசவத்தில் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போனபோது பாட்டி சொன்னார்: "நடுராத்திரி வலி வந்துச்சு டீச்சர். வண்டி கட்டிப் போனாலும் அங்க யாரு இருப்பா?" ஆரம்ப சுகாதார நிலையம் சாயங்காலமே பூட்டிவிடும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்தச் சிறுமி பள்ளியை விட்டு நின்றுவிட்டாள்.

கிராமங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் பரிந்துரைத்தது. 1952 முதல் அவை வரத் தொடங்கின. ஆனால் கட்டடம் மட்டும் போதவில்லை. போனால் அன்றைய கூலி போகும். மருந்தை வெளியில் வாங்கச் சொல்வார்கள். இரவில் வண்டி கிடைக்காது. வீட்டில் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது?

தமிழ்நாட்டில் இந்தத் தடைகள் ஒவ்வொன்றாகத்தான் விலகின. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. அரசே மொத்தமாக மருந்து வாங்கி அனுப்பியதால் சுகாதார நிலையங்களில் மருந்து கிடைத்தது. 2000க்குப் பிறகு, ஒரு நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்று அமர்த்தி, முறை வைத்து இரவும் பகலும் திறந்து வைத்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்தொகை 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இழந்த கூலிக்கு அது ஓரளவு ஈடு. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 1992-93இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு அறுபதுக்குச் சற்று அதிகமான பிரசவங்களே மருத்துவமனைகளில் நடந்தன. 2019-21இல் அது 99ஐத் தாண்டிவிட்டது. பெண்கள் படித்ததும் இதற்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனால் படிக்காத அந்தப் பாட்டிக்கும் ஆஸ்பத்திரி நல்லது என்று தெரிந்தே இருந்தது. கதவுதான் பூட்டியிருந்தது.

இன்றும் மலைக்கிராம மக்களைப் பற்றி, "கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்" என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். உங்களில் சிலர் இன்று செவிலியராகவும் மருத்துவராகவும் இருக்கிறீர்கள். அப்படிச் சொல்லும் முன் பஸ் எத்தனை மணிக்கு, கூலி எவ்வளவு போகும், இரவில் அங்கே யார் இருப்பார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். நான் அன்று கேட்கவில்லை.

உங்கள் அம்மாவோ பாட்டியோ எங்கே, எப்படிப் பிரசவம் பார்த்துக்கொண்டார்கள்? கேட்டு, கீழே எழுதுங்கள்.