ஒரு வாசலும் பல வாசலும்

வானொலி நிலையம் ஒன்றிலிருந்து எழும் ஒலியை ஒருவர் கேட்பினும் ஓரிலட்சம் பேர் கேட்பினும் நிலையத்தின் வேலை ஒன்றே. கேட்போர் பெருகுவதால் அதற்குச் சுமை கூடுவதில்லை. இணையத்தின் இயல்போ இதற்கு நேர்மாறானது. அங்கே செய்தியை நாடுவோர் ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து கேட்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எடுத்துக் கொடுத்தாக வேண்டும். அவ்வாறு எடுத்துக் கொடுக்கும் கணினியை வழங்கி என்பர். ஒரே வாசலை உடைய களஞ்சியத்தின் முன் ஊர் முழுவதும் ஒரே வேளையில் நெல் கேட்டு நின்றால் என்ன நிகழுமோ, அதுவே வழங்கிக்கும் நிகழும். நெல் குறைவின்றி இருக்கும். ஆயினும் எவர் கைக்கும் வந்து சேராது. இந்நெருக்கடியைத் தீர்க்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் ஒரு துயரமும் உண்டு.

வையக விரிவு வலை எனப்படும் ஏற்பாட்டை 1989ஆம் ஆண்டில் முன்மொழிந்தவர் ரிம் பேணர்ஸ் லீ என்னும் ஆங்கிலேய அறிஞர். அப்போது அவர் ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள சேர்ண் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றினார். 1994இல் அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தை அடைந்தார். தாம் நட்ட மரம் தன் பாரத்தாலேயே முறியக்கூடும் என்பதை அவர் முன்னரே உணர்ந்திருந்தார். நெரிசலின்றிச் செய்தியைக் கொண்டு சேர்க்கும் புதுவழி ஒன்றைக் காணுமாறு 1995இன் தொடக்கத்தில் அக்கழகத்துச் சகாக்களை அவர் அறைகூவி அழைத்தார்.

அக்காலத்தில் பலரும் கைக்கொண்ட பரிகாரங்கள் இரண்டு. மேலும் வலிமை வாய்ந்த கணினியை வாங்குதல் ஒன்று. அதே இடத்திற் பல கணினிகளை அடுக்கி வைத்தல் மற்றொன்று. இவற்றாற் பயன் இல்லாமற் போகவில்லை. ஆயினும், எத்துணை வலிய கணினிக்கும் ஓர் எல்லை உண்டு. கணினிகள் பலவாயினும் அவை ஓரிடத்தில் இருப்பின், அவ்விடத்துக்குச் செல்லும் பாதை அடைபட்டுவிடும். ஆகவே செய்தியின் பிரதிகளை உலகின் பல ஊர்களில் வைத்து, கேட்பவருக்கு அண்மையிலிருந்தே வழங்குவதுதான் தக்க வழி எனத் தோன்றியது. அங்ஙனமாயின், எந்தப் பிரதி எந்தக் கணினியில் உள்ளது என்பதை அறிவது எவ்வாறு?

இவ்வினாவை ஆராய்ந்தவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் கணிதப் பேராசிரியர் ரொம் லெய்ற்றன். மற்றவர் அவருடைய மாணவர் டானியல் லூவின். 1970இல் அமெரிக்காவின் டென்வர் நகரிற் பிறந்த லூவின், சிறு வயதிலேயே குடும்பத்தோடு இஸ்ரவேலுக்குச் சென்று, அங்கே படையிற் பணிபுரிந்து, பின்னர் உயர்கல்வி நாடி 1996இல் மசாச்சூசெற்ஸ் வந்தவர்.

பழைய முறை எளிது. ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் எண் இட்டு, அதனைக் கணினிகளின் தொகையால் வகுத்து, மீதி வரும் எண்ணுக்குரிய கணினியிற் பிரதியை வைப்பர். பத்துக் கணினிகள் பத்தாகவே இருக்கும்வரை குறையில்லை. பதினோராவது கணினி ஒன்றைச் சேர்த்தவுடன் மீதிகளிற் பெரும்பாலானவை மாறிவிடும். பதினொரு பிரதிகளில் ஏறத்தாழப் பத்துப் பிரதிகள் இடம்பெயர வேண்டி வரும். அவற்றையெல்லாம் மூல வழங்கியிடம் மீண்டும் கேட்டுப் பெற வேண்டும். உதவிக்கென ஒரு கணினியைச் சேர்த்த வேளையிலேயே, காக்க வேண்டிய மூலத்தின் மீது பெரும் பாரம் விழும்.

லெய்ற்றன், லூவின் முதலிய அறுவர் 1997இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஓர் உபாயம் கூறியது. பிரதிகளையும் கணினிகளையும் கற்பனையான ஒரு வட்டத்தின் மீது புள்ளிகளாக இடுக. ஒவ்வொரு பிரதியும் வட்டத்தில் ஒரே திசையிற் செல்கையில் முதலில் எதிர்ப்படும் கணினியைச் சேர்க என்பதே அது. இங்கே புதிய கணினி ஒன்று புகுந்தால் அதனை அடுத்திருந்த பங்கு மட்டுமே கைமாறும். பதினொன்றில் ஏறத்தாழ ஒரு பங்கே இடம்பெயரும். ஒரு கணினி பழுதுற்றால் அதன் சுமையை அயற்கணினி ஏற்கும், ஏனையவை அசையா. 2007இல் அமேசன் நிறுவனம் தனது டைனமோ என்னும் தரவுக் களஞ்சியத்தை விளக்கி வெளியிட்ட கட்டுரையிலும் இவ்வுபாயத்தின் வழிவந்த முறையே காணப்படுகின்றது.

ஆசிரியரும் மாணவரும் 1998இல் அக்கமாய் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அறிவுக்கூர்மையைக் குறிக்கும் ஹவாய் மொழிச் சொல் அது. 1999இல் அதன் பங்குகள் சந்தையிற் பெருவிலை பெற்றன. ஈராண்டுக்குள் இணைய நிறுவனங்கள் பலவும் சரிந்தபோது அவ்விலையிற் பெரும்பகுதி கரைந்தது.

2001 செப்டெம்பர் 11ஆம் நாட் காலையில் லூவின் பொஸ்ரன் நகரிலிருந்து லொஸ் ஏஞ்சல்சுக்குச் செல்லும் விமானத்தில் ஏறினார். கடத்தப்பட்ட அவ்விமானம் 8.46 மணிக்கு நியூயோர்க் உலக வர்த்தக மையத்தின் வட கோபுரத்தில் மோதியது. அவருக்கு வயது முப்பத்தொன்று.

அந்நாளிலேதான் இணையம் அதுவரை கண்டிராத கூட்டத்தைக் கண்டது. உற்றார் என்ன ஆயினரோ என அஞ்சியவர்களும் செய்தி அறியத் தவித்தவர்களும் செய்தித் தளங்களை ஒருசேர நாடினர். சீ.என்.என். தளத்தை நாடியோர் தொகை சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டித்தது, தளம் திணறியது. அதன் பணியாளர் முகப்புப் பக்கத்திலிருந்த படங்களையும் அலங்காரங்களையும் களைந்து, இன்றியமையாத சில வரிகளை மட்டும் நிறுத்தினர். பிற பணிகளுக்கு ஒதுக்கியிருந்த வழங்கிகளையும் இதற்கெனத் திருப்பினர். கூகிள் நிறுவனமோ, செய்தி வேண்டுவோர் தொலைக்காட்சியையோ வானொலியையோ நாடுமாறு தனது முகப்பில் அறிவித்தது. செய்திப் பக்கங்களின் சேமித்த பிரதிகளுக்கும் வழிகாட்டியது. பொஸ்ரனை அடுத்த கேம்பிறிட்ஜில், லூவினின் சகாக்கள் தம் துயரை அடக்கிக்கொண்டு, தம்மை நம்பியிருந்த தளங்கள் நின்றுவிடாதபடி உழைத்தனர்.

கூட்டத்தைத் தாங்குவதற்கு வலிமை ஒன்றே போதாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. ஒருமுறை எடுத்துக் கொடுத்ததை மீண்டும் மூலத்திடம் கேளாதிருத்தல், சுமையைப் பலரிடம் பகிர்தல், ஒருவர் வீழினும் ஏனையோர் நிலைகுலையாதவாறு அமைத்தல், நெருக்கடி வேளையில் வேண்டாதவற்றைக் களைதல் ஆகிய நான்கும் வேண்டும். லூவின் வகுக்க உதவிய வட்டத்தின் நியதி ஒரு கணினியின் மறைவுக்கு முன்னரே ஆயத்தமாயிருந்தது. அந்நியதியை வகுத்தவருள் ஒருவர் மறைந்த நாளில், அவர் சகாக்களும் தம் பணியை நிறுத்தவில்லை.