அனுபந்தம் நாலு

பட்ஜெட் என்றாலே வருமான வரியைத் தேடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். பாங்க் உத்தியோகம், வேறென்ன! ஆனால் கேரள பட்ஜெட் மட்டும் எனக்கு வேறு. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டும் அதில் முதலில் புரட்டுவது 'அனுபந்தம் நாலு' என்ற புத்தகத்தை. எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு என்று பேர்போட்டு அச்சடித்திருப்பார்கள். எங்கள் காரக்கோணம் இருக்கும் குன்னத்துகால் பஞ்சாயத்துக்கும் அதில் ஒரு வரி உண்டு.

1956 நவம்பர் 1-இல் பக்கத்து விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போக, நெய்யாற்றின்கரையோடு நாங்கள் கேரளத்தில் நின்றோம். அப்புறம் 40 வருஷம், ஊருக்கு என்ன வேண்டும் என்பதைப் பெரும்பாலும் திருவனந்தபுரமே எழுதியது. 1996 ஆகஸ்ட் 17-இல் ஜனகீயாசூத்ரணம், அதாவது மக்கள் திட்டம், தொடங்கியது. திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று முடிவானது. வீடு யாருக்கு, கக்கூஸ் யாருக்கு என்ற பட்டியல் கிராமசபைக்கு வந்தது. கட்சிச் சண்டை இல்லாமலா? இருந்தது. ஆனாலும் பேர் விட்டுப்போனவர் எழுந்து நின்று கேட்க ஓர் இடம் கிடைத்ததே, அதுதான் எனக்குப் பெரிசு. 1998-இல் குடும்பஸ்ரீ வந்து, பெண்களின் சிறுசேமிப்பும் கடனும் இதோடு சேர்ந்தன.

அப்படியும் விட்டுப்போனவர்கள் உண்டு. ரேஷன் கார்டே இல்லாதவர், கேட்க ஆளில்லாத கிழவி. 2021-இல் தொடங்கிய கணக்கெடுப்பில் அப்படிப்பட்ட 64,006 குடும்பங்களைக் கண்டுபிடித்து, குடும்பத்துக்கொரு திட்டம் போட்டார்கள். 2025 நவம்பர் 1-இல் அதிதீவிர வறுமை ஒழிந்ததாக அரசு அறிவித்தது. எந்தக் கணக்கில் என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பட்டியலையும் கிராமசபையில் வைத்துச் சரிபார்த்ததாகச் சொல்கிறார்கள். விட்டுப்போன பேர் இருந்தால் அங்கேதான் தெரியும்.