பரபக்கமும் பிறர் குரலும்

போடிநாயக்கனூரினின்றும் ஏலமலைச் சாரலைப் பற்றித் தெற்கே செல்வார்க்குச் சின்னமனூரும் அதனையடுத்து உத்தமபாளையமும் எதிர்ப்படும். சின்னமனூர் பூலாநந்தீசுவரர் திருக்கோயிலானும் பாண்டியர் செப்பேடுகளானும் அறிஞர்க்கு அறிமுகமாயது. உத்தமபாளையத்திற் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையிற் சமண தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டு, வட்டெழுத்திற் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று அச்சணந்தி என்பது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பலவற்றினும் காணப்படும் பெயர் அது. உருவமும் பெயரும் இன்றும் நிற்கின்றன. அம்முனிவர் தம் கொள்கையை எத்தகைய மொழியால், எவ்வகை உவமையால் எடுத்துரைத்தார் என்பதனைப் பாறை கூறாது.

பண்டைச் சமயவாதிகளின் பேச்சு நமக்கு எட்டியது பெரும்பாலும் அவரை மறுத்தார் நூல்களின் வாயிலாகவே. மணிமேகலையின் 27-ஆம் காதையிற் சமயக்கணக்கர் ஒவ்வொருவரும் தந்தம் திறம் கூறுகின்றனர். கேட்பவள் பௌத்தநெறி பற்றியவள். நீலகேசி சமணநூல், அதனுள்ளும் பிற சமயத்தார் வாய்திறந்து பேசுவர். சைவத்தில் இம்முறையை முற்றுவித்தவர், 13-ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார். சிவஞானசித்தியார் பரபக்கத்தில் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதத்தார் நிரலே வந்து பேசுகின்றனர். முதற்கண் அவரவர் மதம், அதன்பின் மறுதலை.

உலகாயதன் பேசும் பகுதியை ஓதுவார்க்கு இஃது ஒரு சைவ ஆசிரியர் வாக்கோ என்னும் ஐயம் எழுதல் கூடும். காட்சியொன்றே அளவை என்பான். பூதம் நான்கே என்பான். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடியவழி முன்னில்லாத செம்மை தோன்றுமாறு போலப் பூதங்கள் கூடியவழி அறிவு தோன்றும் என்பான். ஏட்டைப் பார்த்து எடுத்த உவமையாக இது தோன்றவில்லை. திண்ணையில் தாம்பூலத் தட்டை முன்வைத்திருந்து பேசுவான் வாயிற் பிறந்ததே போலும்! நோன்பும் தவமும் உடலை வருத்தும் பேதைமை என எள்ளி, கைக்கெட்டிய இன்பத்தை நீக்கி மறுமையை நோக்குவாரை அவன் நகுகின்றான். அந்நகையின் விரைவு சிறிதும் குன்றாது ஆசிரியர் தம் விருத்தத்துட் பெய்துள்ளார். மறுதலை தொடங்கியவுடன் குரல் மாறுகின்றது. கருதலளவையும் வேண்டும் என நிறுவும் வேறொருவர் அங்கே பேசுகின்றார்.

அற்றேல், பிறர் குரலை இத்துணைச் செவ்விதிற் கொள்ளுதல் அவர்க்கு எங்ஙனம் கைகூடிற்று எனின், அவர் வரலாறே விடை தரும். சகலாகம பண்டிதராய்ப் பலர்க்கு ஆசிரியராயிருந்தவர், வயதில் இளையராகிய மெய்கண்டார்முன் மாணாக்கராய் நின்றார் என்பது வழிவழி வழங்கும் செய்தி. சுபக்கத்தில் அவர் சிவஞானபோதத்தின் பன்னிரு சூத்திரங்களையே பின்பற்றிச் செல்கின்றார். எனினும் சூத்திரத்தின் செறிவு ஒரு சுவை, விருத்தத்தின் ஓட்டம் வேறொரு சுவை. ஆசிரியர் குரலைத் தொடர்ந்து சென்றே தமக்குரிய குரலைப் பெற்றார் அருணந்தியார்.

உமாபதி சிவாசாரியார் 1313-ஆம் ஆண்டிற்குரிய சங்கற்ப நிராகரணத்தில் இதனைப் பின்னும் நுட்பமாக்கினார். மாயாவாதி கூற்றை ஐக்கியவாதி மறுப்பான், அவன் கூற்றைப் பாடாணவாதி மறுப்பான், இங்ஙனமே தொடரும். ஒருவன் மறுப்பு அடுத்தவன் வாயினின்று வருதலின், ஆசிரியர் மறுக்கும்போதும் கடன்கொண்ட குரலிலேயே பேசவேண்டியவராகின்றார்.

ஆசீவகர் திறத்தில் இம்முறையின் அருமை நன்கு விளங்கும். அவர்தம் நூல் ஒன்றேனும் இன்று கிடைத்திலது. 1951-இல் அவர்தம் வரலாற்றை ஆங்கிலத்தில் விரித்தெழுதிய பாஷம் என்னும் ஆராய்ச்சியாளர் மணிமேகலை, நீலகேசி, சித்தியார் ஆகிய மூன்று தமிழ் நூல்களையும் சான்றாகக் கொண்டார். மூன்றும் மாற்றார் நூல்களே. ஆயினும் நிலம், நீர், தீ, வளி, உயிர் என்னும் ஐவகை அணுக்களைப் பற்றிய அவர் கொள்கை அவற்றால் அறியக்கிடக்கின்றது. சித்தியாரின் உரையாளரோ ஆசீவகரைத் திகம்பர சமணருள் ஒரு சாரார் எனக் கொண்டனர். அக்குரலை நேரிற் கேட்பார் இல்லாதொழிந்த பின்னர் எழுதிய உரை அது. அருகிற் கேட்ட சமணர் குரலையே அவர்மேலும் ஏற்றிவிட்டனர் போலும்.