நுரை காணாத நுரையீரல்

எட்டாம் மாதத்திற் பிறந்த சிசு முதலில் நன்றாகவே அழுகிறது. சில மணி நேரத்துள் முனகத் தொடங்குகிறது. மூச்சை இழுக்குந்தோறும் விலாப்புறம் ஒடுங்குகிறது. உடல் நீலம் பாரிக்கிறது. முதல் மூன்று நாட்களைத் தாண்டினாற் பிழைத்துக்கொள்ளும். தாண்டாத சிசுக்கள் 1950ஆம் ஆண்டளவில், செல்வம் மிக்க அமெரிக்காவிலேயே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் மடிந்தன.

இறந்த சிசுக்களின் நுரையீரலைச் சோதித்த வைத்தியர்கள், அதன் காற்றறைகளிற் கண்ணாடி போன்ற சவ்வொன்று படிந்திருக்கக் கண்டனர். அச்சவ்வே மூச்சை அடைத்ததென எண்ணி, நோய்க்கும் அதன் பெயரையே இட்டனர். அது எங்கிருந்து வந்தது என்பதே பலரது ஆராய்ச்சியாயிற்று.

வந்து சேர்ந்ததை விடுத்து, இல்லாமற் போனது யாதெனத் தேடியவர் மேரி எலன் ஏவரி. 1927இல் நியூ ஜேர்சி மாநிலத்துக் கம்டன் நகரிற் பிறந்தவர். அயலில் வாழ்ந்த எமிலி பேக்கன் என்னும் குழந்தை வைத்தியரே, சிறுமியாயிருந்த அவருக்குக் குறைமாதக் குழந்தையொன்றை முதன்முதலிற் காட்டியவர். 1952இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்ற ஏவரியைச் சிறிது காலத்துள் கசநோய் பற்றிக்கொண்டது. படுக்கையிற் கழிந்த மாதங்கள் அவரது கருத்தை நுரையீரலின்பாற் திருப்பின.

பின்னர் பொஸ்ரன் நகரில் ஜியர் மீட் என்பவரிடம் ஆராய்ச்சி பயின்றார். அக்காலத்தில் ஜோன் கிளெமென்ற்ஸ் என்னும் உடற்றொழிலியலாளர், நுரையீரலின் உட்புறத்தே மேற்பரப்பு இழுவிசையைத் தணிக்கும் பொருளொன்று உண்டென 1957இல் நிறுவியிருந்தார். அவர் பணியாற்றியது இராணுவ ஆய்வுகூடமொன்றில். நச்சுவாயுவை எதிர்கொள்ளும் பொருட்டு எழுந்த ஆராய்ச்சி அது. சிசுவைக் காக்கும் அறிவு போர்க்களத்தின் வாயிலாக வந்தது விந்தையே.

காற்றறைகளின் உட்புறம் ஈரமானது. ஈரம் தன்னைத் தானே இறுக்கிச் சுருங்கப் பார்க்கும். சவர்க்காரம் கலந்த நீரிற் குமிழி நிலைப்பதும் வெறும் நீரில் உடனே உடைவதும் சிறுவரும் அறிந்ததே. சவர்க்காரம் போலத் தொழிற்படும் அப்பொருளைச் சிசுவின் நுரையீரல் கருவிருப்பின் இறுதி வாரங்களிலேயே போதிய அளவு சுரக்கின்றது. முந்திப் பிறந்த சிசுவுக்கு அது போதாது. மூச்சு வெளியேறியதும் அறைகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சுப் போலவே பெருமுயற்சியாகும். ஈற்றிற் சிசு களைத்துப்போகும்.

பிற காரணங்களால் இறந்த சிசுக்களின் நுரையீரலில் நுரை இருந்ததையும், இந்நோயால் இறந்தவற்றில் அது இல்லாததையும் ஏவரி கண்டார். சவ்வு நோயின் காரணமன்று, விளைவே. 1959இல் அவரும் மீடும் இம்முடிபை வெளியிட்டனர். இவ்வுறுப்புக்கு நுரையீரல் எனப் பெயரிட்ட தமிழர் நுரையை எங்ஙனம் கண்டனரோ!

காரணம் தெரிந்தும் மருந்து வரவில்லை. 1963 ஓகஸ்ட் 7ஆம் தேதி, ஜனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். பொஸ்ரன் சிறுவர் வைத்தியசாலையில், அழுத்தம் மிகுந்த ஒட்சிசன் அறையில் வைத்தும் இரண்டாம் நாள் இறந்தான். அரசாங்கமே கையிலிருந்த தந்தைக்கும் அந்நோயின் முன் வேறு வழி இருக்கவில்லை.

வழிகள் வேறு திசைகளிலிருந்து வந்தன. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்பவர், ஸ்ரெரோயிட் மருந்து கொடுக்கப்பட்ட குறைமாத ஆட்டுக்குட்டிகள் எதிர்பாராதபடி மூச்சுவிட்டதை 1969இல் அறிவித்தார். ஏவரியின் குழுவினரும் ஆட்டுக் கருக்களில் இதனை ஆராய்ந்து, நுரையீரல் விரைந்து முதிர்வதை உறுதிசெய்தனர். 1972இல் லிகின்ஸும் ஹௌவியும் தாய்மாருக்கு அம்மருந்தை ஊசியேற்றி, சிசுக்களின் நோய் குறைந்ததைக் காட்டினர். 1980இல் யப்பானியரான புஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த பொருளைப் பத்துச் சிசுக்களின் சுவாசக்குழாயிற் செலுத்தி நற்பயன் கண்டார். அமெரிக்க அரசு அத்தகைய மருந்தொன்றை முதன்முதலில் அனுமதித்தது 1990இல்; ஏவரியின் கட்டுரைக்கு 31 ஆண்டுகளின் பின்.

இதற்கிடையே 1974இல், பற்றிக் உயிர்நீத்த அதே வைத்தியசாலைக்கு ஏவரி தலைமை வைத்தியரானார்; அப்பதவியேற்ற முதற் பெண்மணி அவரே. 1991இல் தேசிய விஞ்ஞானப் பதக்கம் பெற்றார். 2011 டிசெம்பரிற் காலமானார். சிசுவின் சுவாசக்குழாயிற் செலுத்தும் மருந்து விலை மிகுந்ததாகையால், வறிய நாடுகளில் அது பல வைத்தியசாலைகளுக்கு இன்னும் எளிதிற் கிட்டுவதில்லை. தாய்க்கு ஏற்றும் ஊசியோ மலிவானது.