ரோட்டுப் பந்தயத்தை முழுதாகப் பார்த்தவர் யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

நமது ஊர்களில் சுதந்திர தினத்துக்கோ பெருநாளுக்கோ விளையாட்டுக் கழகங்கள் சைக்கிள் ஓட்டப் போட்டி வைப்பது வழக்கம். மெயின் ரோட்டின் இரண்டு பக்கமும் சனம் நிற்கும். சைக்கிள்கள் வரும், ஒரு நிமிஷத்தில் போய்விடும். பிறகு யார் முந்தினார், யாருக்குச் செயின் கழன்றது என்பதை ஒலிபெருக்கியில் ஒருவர் சொன்னால்தான் தெரியும்.

கிரிக்கெட்டை மைதானத்தில் உட்கார்ந்து முழுதாகப் பார்க்கலாம். ரோட்டுச் சைக்கிள் பந்தயத்தை அப்படிப் பார்க்க முடியாது. பொது ரோட்டில் ஓடுவதால் டிக்கெட் விற்கவும் முடியாது. அதனால் இந்த விளையாட்டு தொடக்கத்திலிருந்தே கதை சொல்பவர்களை நம்பித்தான் வாழ்ந்தது. அந்தக் கதை சொல்பவருக்கு யார் காசு கொடுப்பது? இந்தக் கேள்விக்கு 120 வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸை உருவாக்கியது ஒரு பத்திரிகை. அதன் பின்னணியில் இருந்தது ஓர் அரசியல் சண்டை.

1890களில் பிரான்ஸில் ஆல்ஃபிரட் டிரைஃபஸ் என்ற யூத இராணுவ அதிகாரி மீது பொய்யான உளவுக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. நாடே இரண்டாகப் பிரிந்தது. ‘லு வெலோ’ என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர் பியர் ஜிஃபார் டிரைஃபஸ் பக்கம் நின்றார். அந்தப் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்து வந்த பெரிய முதலாளிகளில் ஒருவர் கார் உற்பத்தியாளர் தெ தியோன். அவர் எதிர்ப்பக்கம். கோபத்தில் விலகி, வேறு முதலாளிகளுடன் சேர்ந்து 1900இல் போட்டிப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். அதுதான் பின்னர் ‘லோத்தோ’ என்று பெயர் பெற்றது. ஆசிரியர் ஆன்றி தெகிரான்ஜ்.

ஆனால் புதிய பத்திரிகை எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1902 நவம்பரில் ஜியோ லெஃபேவ்ர் என்ற இளம் நிருபர் ஒரு யோசனை சொன்னார்: நாடு முழுக்கச் சுற்றி வரும் ஒரு சைக்கிள் பந்தயம் நடத்துவோம். 1903 ஜூலை 1ஆம் திகதி 60 பேர் புறப்பட்டார்கள். 6 கட்டங்கள், 2,428 கிலோமீற்றர். முடித்தவர்கள் 21 பேர். வென்றவர் மொரிஸ் கராங். சுமார் 25,000 பிரதி விற்ற பத்திரிகை 65,000 பிரதியைத் தொட்டது. அடுத்த வருடமே ‘லு வெலோ’ மூடப்பட்டது.

அநீதி இழைக்கப்பட்ட ஒரு சிறுபான்மையினத்தவருக்காகப் பேசிய ஆசிரியர் தோற்றார். விளம்பரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் வென்றார்கள். டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று 1906இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அப்போது பத்திரிகை இல்லை.

பிறகு வானொலி வந்தது. 1929இல் ஜான் அந்துவான், அலெக்ஸ் வீரோ என்ற இருவர் பந்தயத்தின் பின்னாலேயே போய் வானொலியில் வர்ணனை செய்தார்கள். 1932இல் பிரனீஸ் மலையின் உச்சியில் வீரர்கள் கடந்து போகும் சத்தத்தைக் கருவியில் பதிந்து, பின்னர் ஒலிபரப்பினார்கள். மலையைக் கண்ணால் காணாத மக்கள் வீட்டிலிருந்து அதைக் கேட்டார்கள். அதே வீரோ 1957 ஜூலை 14 அன்று, பந்தயத்தைப் பின்தொடர்ந்த மோட்டார் சைக்கிள் மலைப் பாதையிலிருந்து விழுந்ததில், ஓட்டுநருடன் சேர்ந்து உயிரிழந்தார். நமக்குக் கதை வந்து சேர்வதற்குச் சிலர் கொடுத்த விலை அது.

இப்போது நமது காலத்துக்கு வருவோம். 2013இல் ரிச்சர்ட் மூர், லயனல் பேர்னி, டேனியல் ஃபிரீப் என்ற மூன்று பத்திரிகையாளர்கள் டூர் டி பிரான்ஸ் நடக்கும்போது ‘த சைக்ளிங் பொட்காஸ்ட்’ என்ற ஒலி நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். ஒரு காரில் ஊர் ஊராகப் போவார்கள். ஒவ்வொரு நாள் பந்தயமும் முடிந்ததும் மைக்கை வைத்துப் பேசுவார்கள். யார் வென்றார் என்பதோடு நிற்காமல், அந்த ஊரின் கதை, தோற்றவரின் மனநிலை, அன்றைய சாப்பாடு என்று பேச்சு போகும். தொலைக்காட்சியில் பந்தயத்தைப் பார்த்து முடித்தவர்களும் இதைக் கேட்டார்கள்.

அவர்களுக்கு விளம்பரதாரர் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கவில்லை. ‘பொட்காஸ்டின் நண்பர்கள்’ என்று ஒரு சந்தா முறை வைத்தார்கள். வழக்கமான நிகழ்ச்சி எல்லோருக்கும் இலவசம். சந்தா கட்டியவர்களுக்கு மேலதிகமாகச் சில சிறப்பு நிகழ்ச்சிகள். 2022 மார்ச்சில் ரிச்சர்ட் மூர் திடீரென்று காலமானார். முக்கியமான குரல் போனபோதும் நிகழ்ச்சி நிற்கவில்லை. மற்ற இருவரும் தொடர்ந்தார்கள், கேட்பவர்களும் கைவிடவில்லை.

“சந்தா கட்டி ரேடியோ கேட்பதா? அது வெள்ளைக்காரன் பழக்கம்” என்று யாராவது சொன்னால், வீட்டில் உள்ள வாப்பாமாரிடமும் மூத்தப்பாமாரிடமும் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் இந்த நாட்டில் சைக்கிளுக்கும் லைசன் இருந்தது, ரேடியோவுக்கும் லைசன் இருந்தது. ரேடியோ வைத்திருந்தவர்கள் வருடாவருடம் பணம் கட்டினார்கள். இலங்கை வானொலியில் 1950இல் தொடங்கிய வர்த்தக சேவை விளம்பரத்தால் உழைத்தது. நமது பெற்றோர் காது கொடுத்துக் கேட்ட செய்தியும், நாடகமும், முஸ்லிம் சேவையும் சும்மா வந்தவையல்ல. யாரோ ஒருவர் அதற்குக் கட்டணம் செலுத்தினார்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்?

2004 சுனாமியில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று நமது கரையோர வீடுகள் பலவற்றில் அல்பங்களும் பத்திரங்களும் கடலோடு போயின. நமது வரலாற்றில் பெரும் பகுதி இப்போது மூத்தவர்களின் வாயில்தான் இருக்கிறது. கரைவலைக் கதை, நெசவுக் கதை, அந்தக் கால சைக்கிள் பந்தயக் கதை, எல்லாம்தான். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் பதிவு செய்ய நமது பிள்ளைகளுக்கு ஆர்வம் இருக்கிறது. கையில் போனும் இருக்கிறது. ஆனால் நாலு பதிவு போட்ட பிறகு நின்றுவிடுகிறது. டேட்டாவுக்குக் காசு, பயணத்துக்குக் காசு, செலவழித்த நேரத்துக்கு ஒன்றும் இல்லை. கடைக்காரர் விளம்பரம் தந்தால் கடையைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும். கட்சிக்காரர் தந்தால் தேர்தலைப் பற்றிப் பேச முடியாது. தெ தியோன் பிரான்ஸில் மட்டும் பிறந்தவர் அல்ல.

நூறு பேர் மாதம் நூறு ரூபா போட்டால் பத்தாயிரம் ரூபா. ஒரு பிளேன்டீயும் வடையும் குடிக்கும் காசு. அந்தப் பிள்ளை யாருக்கும் பயப்படாமல் உங்கள் மூத்தம்மாவின் குரலைப் பதிந்து வைக்கும்.

உங்கள் வீட்டில் பழைய ரேடியோ லைசனோ சைக்கிள் லைசனோ இருந்தால் படம் எடுத்து கீழே பின்னூட்டத்தில் போடுங்கள். கதை தெரிந்த மூத்தவர்கள் இருந்தால் எந்த ஊர் என்பதை மட்டும் குறிப்பிட்டு, மற்ற விபரத்தை உள்பெட்டியில் தாருங்கள். பதிவு செய்ய விரும்பும் பிள்ளைகளிடம் சேர்ப்பிக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.