நிலவறைச் சிப்பிகள்

நகரத்தின் சரித்திரம் எழுதுகிறவர்கள் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைவதில்லை. நுழைந்தாலும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நியூயார்க் விஷயத்தில் இது சாதாரண இழப்பு அல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரத்து ஏழையின் உணவு சிப்பி. துறைமுகத்து நீரடியெங்கும் அது பாறை பாறையாக விளைந்து கிடந்தது. தெருமட்டத்துக்குக் கீழே, படியிறங்கிப் போகவேண்டிய நிலவறைகளில் அதை விற்றார்கள். அடையாளமாக வாசலில் ஒரு சிவப்பு விளக்குப் பந்து தொங்கும். ஆறு சென்ட் கொடுத்தால் வயிறு கொண்ட மட்டும் தின்னலாம் என்றிருந்த கடைகளும் உண்டு. குடியும் விபச்சாரமும் கூடவே நடந்ததால் குடும்பஸ்தர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

தாமஸ் டவுனிங் இதை மாற்றினார். 1791-ல் வர்ஜீனியாவின் சிங்கோடீக்கில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்புப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1819-ல் நியூயார்க் வந்து, தாமே படகு வலித்துச் சிப்பி எடுத்து விற்றார். 1825-ல் பிராட் தெருவில் கடை திறந்தார். அதுவும் நிலவறைதான். ஆனால் உள்ளே கண்ணாடிகள், சரவிளக்கு, கம்பளம், பட்டுத்திரைகள். மனைவியை அழைத்துக்கொண்டு வரலாம் என்பது அப்போது புதுமை. விடியுமுன் படகில் போய், வரும் சிப்பிப் படகுகளை எதிர்கொண்டு நல்ல சரக்கை வாங்கிவிடுவார். பிறகு கரைக்கு வந்து ஏலத்தில் விலையை ஏற்றிவிடுவார், மீதிச் சரக்குக்குப் படகுக்காரர்களுக்கு நியாயமான பணம் கிடைக்கட்டும் என்று. வியாபாரம் தெரிந்த மனுஷர். 1842-ல் டிக்கன்ஸுக்கு நகரம் நடத்திய பெரிய நடன விருந்துக்குச் சமையல் அவருடையது.

சாப்பிட வந்தவர்கள் பாங்கு முதலாளிகள், பங்குத் தரகர்கள், அரசியல்வாதிகள். தெற்கத்திப் பருத்தி, அதாவது அடிமை உழைப்பு, வால் தெருவைக் கொழுக்க வைத்த காலம் அது. கடை திறந்தபோது நியூயார்க்கிலேயே அடிமைமுறை இருந்தது; 1827 ஜூலை 4-ல்தான் ஒழிந்தது. அந்தக் கனவான்கள் சிப்பியை எலுமிச்சையோடு விழுங்கிக்கொண்டிருக்கையில், அதே கட்டிடத்தின் அடிப்பகுதியில், தெற்கிலிருந்து தப்பிவந்த அடிமைகள் ஒளிந்திருந்தார்கள். ஒளித்து வைத்தவர் டவுனிங். இதை யாராவது கதையாக எழுதியிருந்தால் 'குறியீடு துருத்துகிறது' என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

கறுப்பர்களைப் பிரஜைகள் என்று ஏற்ற சட்டம், ஜனாதிபதியின் மறுப்பையும் மீறி, 1866 ஏப்ரல் 9-ல் நிறைவேறியது. டவுனிங் மறுநாள் இறந்தார். சவ அடக்கத்தன்று வர்த்தக சபையை மூடினார்கள். நாற்பது வருஷம் அவர் கையால் தின்ற நகரம். அவர் அதன் பிரஜையாக இருந்தது ஒரு நாள்.

சிப்பி அவருக்குப் பின் அறுபது ஆண்டுகள் தாங்கிற்று. நகரத்தின் சாக்கடை முழுவதும் துறைமுகத்தில்தான் விழுந்தது. 1924 குளிர்காலத்தில் சிப்பி வழியாக டைபாய்டு பரவியது. 1927-ல் நகரத்தின் கடைசிச் சிப்பிப் படுகையும் மூடப்பட்டது. 1913-ல் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கடியில், ஓட்டு வளைவுகளின் கீழ் தொடங்கிய சிப்பி உணவகம் இன்றும் இருக்கிறது. சரக்கு வேறு கடல்களிலிருந்து வருகிறது. 2014 முதல், உணவகங்களில் தின்று போட்ட ஓடுகளைச் சேகரித்து, வெயிலில் காயவைத்து, அவற்றின்மேல் சிப்பிக் குஞ்சுகளை ஒட்டவைத்துத் துறைமுகத்தில் இறக்குகிறார்கள். அவை வளர்கின்றன, தண்ணீரை வடிகட்டுகின்றன. தின்னத்தான் அனுமதியில்லை.